மாட் போட்டால் கேஸ் வருமா? திருமங்கலம் பக்கத்துத் தம்பிக்கு ஒரு வக்கீலின் பதில்

கடிதம் நாலு பக்கம். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கிச் சொல்கிறேன்.

எழுதியவருக்கு வயது 20. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம், கல்லூரியில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமிங் லேப்டாப் வைத்திருக்கிறார்: 8 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸ் திரை. சவுண்ட் சர்வீஸ் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில், கேம் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் தள்ளுபடி வந்த நேரம் பார்த்து ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் என்ற கணினி விளையாட்டை வாங்கி, 60 மணி நேரம் சந்தோஷமாக விளையாடியிருக்கிறார். அப்புறம் ஒரு சனிக்கிழமை ராத்திரி யூடியூபில் பழைய வீடியோ ஒன்றைப் பார்த்து, அதில் சொன்ன 143 மாட்களையும் (கேமை மாற்றுவதற்கு ரசிகர்கள் செய்யும் கூடுதல் ஃபைல்கள்) ஒரே மூச்சில் இறக்கிப் போட்டார். விடிந்தபோது கேம் திறக்கவே இல்லை. எதையெதையோ நீக்கித் திறந்தால், ஆரம்பக் காட்சியில் கைதிகளை ஏற்றி வரும் குதிரை வண்டி ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடுகிறது. விளையாடி நிறுத்திய இடத்தைப் பதிந்துவைத்த பழைய சேவ் ஃபைலைத் தொட்டால் டெஸ்க்டாப்புக்குத் தூக்கி எறிகிறது.

இதற்கு நடுவில் அவருக்கு நாலு பயம், ஒரு ஆசை. மாட் போட்டதற்காக ஸ்டீம் கணக்கைத் தடை செய்வார்களா? இது சட்டப்படி குற்றமா? "கிராக் காப்பி போட்டா அப்டேட்டே வராது, மாட் போட அதுதான் லேசு" என்று நண்பர் சொல்வது சரியா? நாம் செய்ததை கம்பெனி எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? ஆசை என்னவென்றால், தன் ஊர் எல்லையில் இருக்கும் அய்யனார் கோயில் மண்குதிரைகளை ஸ்கைரிமுக்குள் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு சின்னக் கதையும் வைத்து ஒரு மாட் செய்ய வேண்டும். குதிரை மாடலை வேறொரு கேமிலிருந்து உருவியாயிற்று, கதையில் வரும் காவல்காரப் பெரியவருக்கு ஒரு பெரிய நடிகரின் குரலை ஏஐயில் உருவாக்கியாயிற்று, ஆளுக்கு 50 ரூபாய் ஜிபேயில் வாங்கிக்கொண்டு அனுப்பலாமா என்று கேட்கிறார். அவருடைய அப்பா வேறு, "ராத்திரி பூரா போன்ல மாடு மாடுன்னு பேசுறான், நம்ம வீட்ல மாடே இல்லையேடா" என்று குழம்பிப் போயிருக்கிறாராம்.

தம்பி, முதலில் அப்பாவிடம் மாட் என்றால் என்ன என்று ஒரு தடவை விளக்கிவிடுங்கள், அலங்காநல்லூருக்குத் தயாராகிறீர்கள் என்று நினைத்திருக்கப் போகிறார்.

நான் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கு நடத்துகிறவன். ராத்திரி பத்து மணிக்கு மேல் இதே ஸ்கைரிமில் மலை ஏறுகிறவனும்கூட. கோர்ட்டுக்குப் போகும்போதெல்லாம் எதிரே படுத்திருக்கும் யானைமலையைப் பார்த்தால் ஏதோ மாட்டில் வந்த மலை மாதிரியே தோன்றும், அந்த அளவுக்கு முற்றிய கேஸ் நான். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு விதமாகவும் படித்தேன். படித்ததில் தோன்றியது ஒன்றுதான்: பயப்படத் தேவையில்லாத இடத்தில் ராத்திரி தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள், யோசித்திருக்க வேண்டிய இடத்தில் விறுவிறு என்று தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

கேம் ஏன் திறக்கவில்லை, வண்டி ஏன் பறந்தது

இவை இரண்டும் தனித்தனி வியாதி. நீங்கள் ஒன்று என்று நினைத்ததால்தான் எதையெதையோ நீக்கியிருக்கிறீர்கள்.

திறக்காததற்குக் காரணம் அநேகமாக எஸ்கேஎஸ்இ, அதாவது கேமுக்குக் கூடுதல் திறன் தரும் ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர். பெரும்பாலான நல்ல மாட்கள் இந்தக் கருவியின் மேல்தான் நிற்கின்றன. அது கேமைத் திறக்கும் எக்ஸ்இ ஃபைலோடு நேரடியாகப் பேசுவதால், கேம் எந்த வெர்ஷனோ அதற்கென்றே செய்த எஸ்கேஎஸ்இதான் வேலை செய்யும், கிட்டத்தட்டப் பொருந்துவது என்ற கதையே கிடையாது. நீங்கள் பார்த்த வீடியோவில் 1.5.97 வெர்ஷனுக்கான ஃபைலை இறக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இன்றைக்கு ஸ்டீமில் புதிதாக வாங்குகிறவருக்கு 1.5.97 கிடைக்காது. 2021 நவம்பரில் ஆனிவர்சரி எடிஷனோடு வந்த அப்டேட்டிலேயே அது 1.6 ஆகிவிட்டது, 2024 ஜனவரியில் 1.6.1170 வந்தது. கேம் இருக்கும் ஃபோல்டரில் ஸ்கைரிம்எஸ்இ என்ற எக்ஸ்இயை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பாருங்கள், எண் அங்கே இருக்கும். அதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி லேப்டாப்பில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். டிஎல்எல் ஃபைல் (கேமின் நிரலோடு நேரடியாகச் சேர்வது) உள்ள எந்த மாட்டைப் போடுவதற்கு முன்பும் அதன் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடுங்கள். வீடியோ எந்த வருஷத்தியது என்றும் பாருங்கள்.

வண்டி குட்டிக்கரணம் போட்டதற்கு மாட்களைத் திட்ட வேண்டியதில்லை. ஸ்கைரிமில் பொருள்கள் விழுவது, உருள்வது எல்லாம் ஃபிரேம் ரேட்டோடு, அதாவது வினாடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதோடு, கட்டப்பட்டிருக்கிறது, 60-ஐத் தாண்டினால் கணக்கு பிசகும். உங்கள் திரையோ 144 ஹெர்ட்ஸ், வினாடிக்கு 144 படம் வரை காட்டும். 60-ல் நிறுத்துங்கள், வண்டி தரையில் ஓடும். இல்லையென்றால் எஸ்எஸ்இ டிஸ்ப்ளே ட்வீக்ஸ் என்று ஒரு மாட் இருக்கிறது, அது இந்தக் கணக்கைச் சரிசெய்யும்.

பழைய சேவ்? அதை விட்டுவிடுங்கள். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். மாட்டில் உள்ள ஸ்கிரிப்டுகள் (சின்ன நிரல்கள்) சேவ் ஃபைலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு அந்த மாட்டை நீக்கினால் இல்லாத ஆளைத் தேடி அந்த ஸ்கிரிப்டுகள் அலையும். 2017-ல் நான் ஒரு மாட்டைப் பாதியில் கழற்றிவிட்டு, கேம் ஒழுங்காக ஓடுகிறதே என்று இன்னும் பத்து நாள் விளையாடினேன். அப்புறம் ஒரு நாள் கதவைத் திறந்தால் கேம் மூடிக்கொண்டது, எந்தக் கதவைத் திறந்தாலும் அதே கதை. 90 மணி நேரம் போயிற்று. மாட் போட்டு விளையாட ஆரம்பித்தபின் சேர்ப்பதில் ஓரளவு சலுகை உண்டு, கழற்றுவதில் கிடையாது.

போஸ்டர் கணக்கு

"255 வரை போடலாம் என்றார்கள், நான் 143 தானே போட்டேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். பஸ்ஸில் இத்தனை பேர் உட்காரலாம் என்று எழுதியிருப்பதற்கும் அவர்களுக்குள் சண்டை வராது என்பதற்கும் என்ன சம்பந்தம்? முழு பிளக்இன் (மாட்டின் மாற்றங்கள் அடங்கிய ஃபைல்) சுமார் 254 வரை ஏறும், இஎஸ்எல் என்கிற இலகு பிளக்இன்களுக்கு 4,096 என்று தனிக் கணக்கு இருக்கிறது. எண்ணிக்கை உங்கள் பிரச்சினையே இல்லை, வரிசைதான் பிரச்சினை.

மதுரைக்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஒரே சுவரில் காதுகுத்துப் போஸ்டர் ஒட்டியிருக்கிறது, அதன் மேல் கல்யாணப் போஸ்டர், அதன் மேல் கண்ணீர் அஞ்சலி. கடைசியாக ஒட்டியதுதான் கண்ணில் படும். லோட் ஆர்டர், அதாவது கேம் மாட்களை ஏற்றும் வரிசை என்பது இதுதான். ஒரு ஊரின் விளக்கை ஒரு மாட் மாற்றுகிறது, அதே ஊரில் மரம் நட்ட இன்னொரு மாட் பின்னால் வருகிறது, அது பழைய விளக்கையும் சேர்த்தே கொண்டுவந்து மேலே ஒட்டிவிடும். விளக்கு மாட் செய்தவர் மேல் தப்பில்லை, மரம் நட்டவர் மேலும் தப்பில்லை. லூட் என்ற கருவி வரிசையை ஓரளவு அடுக்கித் தரும், எது எதை மறைக்கிறது என்று பார்க்க எஸ்எஸ்இ எடிட் என்ற இன்னொரு கருவியில் திறக்க வேண்டும். மோதலைக் காட்டும் சிவப்பு நிறத்தைப் பார்த்து முதல் நாள் மிரண்டுபோவீர்கள். எல்லாச் சிவப்பும் ஆபத்து இல்லை.

மாட்களை நேராக கேமின் டேட்டா ஃபோல்டரில் கொட்டியிருக்கிறீர்கள், அதனால்தான் எதை எங்கே போட்டோம் என்றே தெரியாமல் போயிற்று. கேமை முழுதாக அழித்து, மிச்சமிருக்கும் ஃபோல்டரையும் அழித்து, இந்தத் தடவை புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே ஒரு தனி ஃபோல்டரில் போடுங்கள், விண்டோஸ் குறுக்கே வராது. பிறகு மாட் ஆர்கனைசர் 2 என்ற கருவியைப் போடுங்கள். அது ஒவ்வொரு மாட்டையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, விளையாடும் நேரத்துக்கு மட்டும் டேட்டாவில் இருப்பது போல் கேமுக்குக் காட்டும், அசல் ஃபோல்டர் அப்படியே சுத்தமாக இருக்கும். மாட்களை நிர்வகிக்கும் இன்னொரு கருவியான வோர்டெக்ஸும் நல்லதுதான், தொடங்குகிறவருக்கு அது லேசு என்பார்கள். எனக்கு மாட் ஆர்கனைசர்தான். ஸ்டீமில் அப்டேட்டை "கேமைத் தொடங்கும்போது மட்டும்" என்று மாற்றிவிட்டு, கேமை எப்போதும் எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகவே திறங்கள், ஒரே ராத்திரியில் வெர்ஷன் மாறிப்போகும் தொல்லை இருக்காது.

முதல் நாள் எஸ்கேஎஸ்இ, அட்ரஸ் லைப்ரரி (டிஎல்எல் மாட்களுக்கு அடிப்படை), அன்அஃபீஷியல் பேட்ச் (ரசிகர்கள் செய்த பிழைத் திருத்தம்), ஸ்கை யூஐ (மெனுவை வசதியாக்குவது), ஒரு கிராஷ் லாகர் (கேம் ஏன் மூடியது என்று பதிவது). போதும். விளையாடிப் பாருங்கள். அடுத்த நாள் இரண்டு, அதற்கடுத்த நாள் இரண்டு. உடைந்தால் நேற்றுப் போட்ட இரண்டில் ஒன்றுதான் குற்றவாளி. 143-ல் குற்றவாளியைத் தேடுவது எப்படியிருக்கும் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

இன்னொன்று, நீங்கள் போட்ட பட்டியலில் எல்லாமே 4கே டெக்ஸ்சர், அதாவது பொருள்கள் மேல் போர்த்தும் மிகத் துல்லியமான படம். நல்ல முறையில் சுருக்கிய ஒரு 4கே படமே கிராபிக்ஸ் கார்டில் சுமார் 22 எம்பி பிடிக்கும், மேடு பள்ளம் காட்டும் நார்மல் மேப் சேர்த்தால் 44. பாறை, சுவர், சட்டை என்று நூறு பொருள் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்தால் உங்கள் 4 ஜிபி காலி. அதே படம் 2கே என்றால் நாலில் ஒரு பங்குதான். ஓடும்போது பாறையின் பொத்தலை யார் தம்பி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?

தடை, கேஸ், கிராக் காப்பி

ஸ்டீம் கணக்கு போகாது. வேக் (ஸ்டீமின் ஏமாற்றுத் தடுப்பு) தடை என்பது ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் கேமில் ஏமாற்றுகிறவர்களுக்கு. ஸ்கைரிம் தனியாள் கேம். 2011-ல் கேம் வந்தது, 2012 பிப்ரவரியிலேயே அதைச் செய்த பெத்தெஸ்டா கம்பெனி, மாட் செய்ய உதவும் கிரியேஷன் கிட் என்ற கருவியை இலவசமாகக் கொடுத்து, ஸ்டீமிலேயே மாட்களுக்கு இடமும் திறந்தது. சாவியைக் கையில் கொடுத்தவனே திருடன் என்று புகார் கொடுப்பானா? மாட் போட்டால் பெரும்பாலும் அச்சீவ்மென்ட் (ஸ்டீம் தரும் சாதனை முத்திரை) கிடைக்காது, நஷ்டம் அவ்வளவுதான். கம்பெனி கொடுத்த அனுமதிக்குள் மாட் போடுவதும் செய்வதும் குற்றமில்லை.

கிராக் காப்பி வேறு விஷயம். நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது: திருட்டுக் காப்பி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் 7 நாளிலிருந்து 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்காக இல்லையென்றால் நீதிபதி காரணத்தை எழுதிவைத்துவிட்டு, சிறை இல்லாமல் 50,000 வரை அபராதத்தோடு விடலாம். வீட்டில் உட்கார்ந்து விளையாடுகிற பையனைத் தேடி யாரும் வந்து நான் பார்த்ததில்லை, அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் காசு கொடுத்து வாங்கிய கேம் கையில் இருக்கும்போது, எவனோ பூட்டை உடைத்த எக்ஸ்இயை, அதுவும் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, மெயில் பாஸ்வேர்டும் கல்லூரி புராஜெக்ட்டும் இருக்கும் லேப்டாப்பில் ஏன் ஓட்ட வேண்டும்? மாட் பக்கங்களில் உதவி கேட்டாலும், கிராக் காப்பி என்று தெரிந்த நொடியில் கதவைச் சாத்திவிடுவார்கள்.

கம்பெனி எடுத்துக்கொண்டால் என்று கேட்டீர்கள். நீங்களே உருவாக்கியதற்கு உருவாக்கிய நொடியிலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடும், பதிவு செய்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் கிரியேஷன் கிட்டில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று படிக்காமல் அழுத்தினீர்களே, அதில் நீங்கள் வெளியிடும் மாட்டைக் காசு கொடுக்காமல் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையை கம்பெனிக்குக் கொடுத்துவிட்டீர்கள். கம்பெனியிடம் இது செல்லாது என்று சண்டை போட முடியாது. வேறு எவனாவது உங்கள் மாட்டைத் தன் பெயரில் ஏற்றினால் தாராளமாகச் சண்டை போடலாம்: எழுத்தில் புகார் கொடுங்கள், பெயர் உரிமைக்குச் சட்டத்தின் 57-வது பிரிவு துணைக்கு வரும்.

அய்யனார் குதிரை

கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நீங்கள் கொஞ்சமும் பயப்படாத இடமும் இதுதான்.

வேறு கேமிலிருந்து உருவிய குதிரையைத் தூக்கிப் போடுங்கள். அது அந்தக் கம்பெனியின் சொத்து, இலவசமாகக் கொடுத்தாலும் மீறல் மீறல்தான். நெக்ஸஸ் என்ற மாட் தளத்தில் ஏற்றினால் மாட்டையும் எடுப்பார்கள், உங்களையும் வெளியே அனுப்புவார்கள். நீங்கள் பயந்த அந்தத் தடை வந்தால் இங்கேதான் வரும்.

நடிகர் குரலும் வேண்டாம். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், புகழ்பெற்ற ஒருவரின் பெயரையும் உருவத்தையும் பேசும் பாணியையும் அவர் அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று நம் சென்னை உயர் நீதிமன்றமே 2015-ல் தடை கொடுத்திருக்கிறது. 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அனில் கபூர் வழக்கில் ஏஐயில் செய்யும் குரல், முகம் வரைக்கும் அதை நீட்டியது. சும்மா விளையாட்டுக்குத்தானே என்பது பதிலாகாது. உங்கள் ஊரில் அய்யனார் கதையை ராகம் போட்டுச் சொல்கிற பெரியவர் ஒருவராவது இருப்பார், போனைப் பக்கத்தில் வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். எதற்காக என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த நடிகரே வந்தாலும் அந்தக் கரகரப்பு வராது.

50 ரூபாய் ஜிபே? கூடாது. கிரியேஷன் கிட்டில் செய்ததை இலவசமாகத்தான் கொடுக்கலாம் என்பது ஒப்பந்தம். 2015 ஏப்ரலில் ஸ்டீமை நடத்தும் வால்வும் பெத்தெஸ்டாவும் காசுக்கு மாட் விற்கும் வழியை ஸ்டீமில் திறந்து, செய்தவருக்கு 25 சதவீதம் என்றார்கள், கூச்சல் தாங்காமல் சில நாளிலேயே மூடினார்கள். இப்போது காசு பார்க்கும் வழி என்றால் பெத்தெஸ்டா தானே ஆள் தேர்ந்தெடுத்து நடத்துகிற கிரியேஷன்ஸ் என்ற கடைதான். நெக்ஸஸில் டவுன்லோடு பார்த்துக் கொடுக்கும் டொனேஷன் பாயின்ட்ஸும் உண்டு. அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

சரி, குதிரைக்கு என்ன செய்வது? ஊர் எல்லையில்தான் நிற்கிறதே. வெயில் ஏறுவதற்கு முன்னால், நிழல் ஒரு பக்கமாக விழாத மேகமூட்டமான காலையில் போய், ஒரு குதிரையைச் சுற்றிச் சுற்றி நூறு போட்டோவுக்குக் குறையாமல் எடுங்கள், ஒவ்வொன்றும் முந்தையதோடு பாதிக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். போட்டோகிராமெட்ரி மென்பொருள் அதிலிருந்து மாடல் கட்டும். வயிற்றுக்கு அடியில் எடுக்க மறந்தால் அங்கே ஓட்டை விழும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் எடையைக் குறைத்து, கேமுக்குப் புரியும் நிஃப் ஃபைலாக மாற்றி, கிரியேஷன் கிட்டில் கேமில் வரும் ரிவர்வுட் ஊருக்கு வெளியே ஒன்றே ஒன்றை நிறுத்துங்கள். பாதையின் குறுக்கே வைத்தால் நேவ்மெஷையும் (கேம் ஆட்கள் நடக்கக்கூடிய இடத்தைக் குறிக்கும் வலை) வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் குதிரையில் முட்டிக்கொண்டே நடப்பார்கள். பழைய நேவ்மெஷை மட்டும் டெலீட் செய்துவிடாதீர்கள், கேம் கிராஷ் ஆகும். கதை, வசனம் எல்லாம் அப்புறம்.

அய்யனாரையே ஆளாகக் கொண்டுவராதீர்கள் என்பது என் தனிப்பட்ட யோசனை. ஸ்கைரிம் விளையாடுகிறவன் எதிரே யார் வந்தாலும் முதலில் கோடரியால் ஒரு வெட்டு வெட்டிப் பார்ப்பான், நானும் அப்படித்தான். மத உணர்வைப் புண்படுத்தும் குற்றத்துக்கு வேண்டுமென்றே செய்த உள்நோக்கம் வேண்டும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது, அதனால் கேஸ் நிற்காது. ஆனால் அந்த வீடியோ ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனால் உங்கள் அப்பா பதில் சொல்ல வேண்டியிருக்கும். குதிரை நிற்கட்டும், சாமி கண்ணுக்குத் தெரியாமலே இருக்கட்டும். கதைக்கும் அது நல்லது.

கடைசியாக, யாருமே யோசிக்காத ஒரு விஷயம். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் போட்டோ எடுக்கலாம், வரையலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தில் 52-வது பிரிவு விதிவிலக்கு தருகிறது. முப்பரிமாண நகலைப் பற்றி அந்த விதிவிலக்கில் ஒரு வார்த்தையும் இல்லை. பழங்காலத்துக் குதிரை என்றால் பிரச்சினையே இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சில குதிரைகள் சமீபத்தில் நேர்த்திக்கடனுக்குச் செய்து வைத்தவை, செய்த வேளார் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் "நான் செய்த குதிரையை இந்தக் கணினி விளையாட்டில் இலவசமாக வைத்துக்கொள்ளச் சம்மதம்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், முத்திரைத்தாள் எல்லாம் வேண்டாம். மாட் பக்கத்தில் உங்கள் பெயருக்கு மேலே அவர் பெயரைப் போடலாமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். கால் ஏன் இவ்வளவு குட்டையாகத் தெரிகிறது என்று அவர் திட்டினால், மாடலைத் திருத்திவிட்டு அப்புறம் ஏற்றுங்கள்.